சர்கேல் சாரும் எங்க அப்பாயி நிலமும்

ஹாஸ்டல் வாட்டர் டேங்க் பத்தி போன வாரம் எழுதினதுக்கு வாங்கின திட்டு இன்னும் காதுல ரீங்காரமா ஓடிட்டு இருக்கு. அதனால இந்த வாரம் வம்பே இல்லாத ஏரியாவுக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறேன். எங்க ஊர். புதுக்கோட்டை. திருச்சியில பஸ் ஏறி ஜன்னலோர சீட்டைப் பிடிச்சீங்கன்னா ஒன்றரை மணி நேரம். தூங்கினா முக்கால் மணி நேரம் மாதிரி இருக்கும்.

எங்க ஊருக்கு ஒரு கெத்து இருக்கு. மத்த ஊர்ல எல்லாம் கலெக்டர் ஆபீஸ்னா சுண்ணாம்பு அடிச்ச நாலு மாடிக் கட்டடம். இங்க ராஜா கட்டின அரண்மனையே கலெக்டர் ஆபீஸ். 1948 மார்ச்சுல தொண்டைமான் சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்சது, திருச்சி மாவட்டத்தோட ஒரு பகுதியா கொஞ்ச காலம் இருந்தது, 1974 ஜனவரியில தனி மாவட்டம் ஆச்சு. ராஜா காலி பண்ணின வீட்டுக்கு கலெக்டர் குடி வந்துட்டார். என் நண்பன் ஒருத்தன் அந்த கேட் முன்னாடி நின்னுதான் சபதம் எடுத்தான்: 'மாப்ள, ஒருநாள் உள்ள போய் உட்காருவேன்டா!' அவன் மெக்கானிக்கல். ஏழு அரியர். குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன்னு ரெண்டு வருஷமா ஒரே கைடைத் தலைக்கு வெச்சுப் படுக்கிறான்.

அந்த கைடுலதான் ஒரு கேள்வி. 'அரசுப் பணிக்குப் போட்டித் தேர்வு முறையை முதலில் கொண்டு வந்த நாடு எது?' நாலு ஆப்ஷன். நான் இங்கிலாந்துன்னு டிக் அடிச்சேன். விடை சீனாவாம்! நண்பன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... ஏழு அரியர் வெச்சவன்கிட்ட இருந்து அப்படி ஒரு பார்வையை வாங்கவே கூடாது, பாஸ்.

அந்தக் கோபத்துல உட்கார்ந்து சீனாவைப் பத்திப் படிச்சேன். அசந்துட்டேன். அங்க ஆயிரம் வருஷத்துக்கு மேல பரீட்சை எழுதித்தான் அதிகாரி ஆகியிருக்காங்க. மாவட்டத்துல ஒண்ணு, மாகாணத்துல ஒண்ணு, தலைநகர்ல ஒண்ணு. வயசு வரம்பு கிடையாது. தாடி நரைச்ச தாத்தா பேரன் வயசுப் பையன் பக்கத்துல உட்கார்ந்து எழுதுவார். 1905-லதான் அந்தப் பரீட்சையையே ஒழிச்சாங்க. பாஸ் பண்ணிட்டா ராஜ வாழ்க்கைன்னு நினைக்காதீங்க. சொந்த மாகாணத்துல வேலை கிடைக்காது. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மூட்டை கட்டணும். நம்ம ஊர்லயும் தேர்தல் வந்தா சொந்த மாவட்டத்துல இருக்கிற, மூணு வருஷம் ஒரே மாவட்டத்துல இருந்த அதிகாரிகளை மாத்துறாங்கல்ல, அதே லாஜிக்.

18-ம் நூற்றாண்டுல சென் ஹோங்மோன்னு ஒருத்தர். 1723-ல தலைநகர் பரீட்சை பாஸ் பண்ணினவர். 1771-ல சாகிற வரைக்கும் பத்துக்கும் மேற்பட்ட மாகாணங்கள்ல சுத்தி சுத்தி வேலை பார்த்திருக்கார். போற இடமெல்லாம் தானியக் கிடங்கு, வாய்க்கால், பள்ளிக்கூடம். அவரோட பயோடேட்டாவைப் படிக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டுச்சு. இதே மாதிரி ஒரு ஆள் எங்க ஊருக்கும் வந்திருக்காரே!

அவர் பேர் சேஷய்ய சாஸ்திரி. எங்க ஊர்ல பாதிப் பேருக்குப் பேர் தெரியாது. மீதிப் பேர் 'திவான் ஒருத்தர் இருந்தாரு'ன்னு சொல்வாங்க. எனக்கும் அந்த அளவுதான் தெரியும், போன தீபாவளி லீவு வரைக்கும். அப்போ எங்க வீட்டுல ஒரு பிரச்னை வந்துச்சு. அதுக்குக் கடைசியில வர்றேன். முதல்ல ஆளைப் பாருங்க.

1828-ல தஞ்சாவூர் பக்கத்துல அமராவதின்னு ஒரு கிராமத்துல பிறந்தவர். சின்ன வயசுலயே படிக்க மெட்ராஸ். அங்க பவல்னு ஒரு வாத்தியார். கேம்பிரிட்ஜ்ல கணக்குல கலக்கிட்டு வந்த மனுஷர். அந்தப் பள்ளிதான் பின்னால நம்ம மாநிலக் கல்லூரி ஆச்சு, பவல்தான் முதல் பிரின்ஸிபால். அவர்கிட்ட படிச்ச இன்னொரு பையன் மாதவ ராவ். அதே 1828-ல பிறந்தவர். அந்த மாதவ ராவ் பின்னாடி திருவிதாங்கூர், இந்தூர், பரோடான்னு மூணு சமஸ்தானத்துக்கு திவான். நம்ம சாஸ்திரி ரெண்டு சமஸ்தானத்துக்கு. ஒரே வாத்தியார்கிட்ட இருந்து கிளம்பின பசங்க! நம்ம கிளாஸ் ஃபோட்டோவைப் பார்த்துக்கோங்க, யாரு கண்டா.

இருங்க. இவ்வளவு படிச்ச மனுஷன் ஏன் கலெக்டர் ஆகலை? அங்கதான் மேட்டரே இருக்கு.

1855-ல வெள்ளைக்காரன் சிவில் சர்வீஸுக்கு ஓப்பன் போட்டித் தேர்வு ஆரம்பிச்சான். சீனா முறையைப் பார்த்துதான் அந்த ஐடியாவே வலுவா பேசப்பட்டுச்சு. சட்டப்படி இந்தியனும் எழுதலாம். ஆனா சென்டர்? லண்டன் மட்டும்தான். கப்பல் ஏறிப் போகணும், கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும்தான் மார்க் ஜாஸ்தி. 1863-லதான் முதல் இந்தியர் பாஸ் பண்ணினார். சத்யேந்திரநாத் தாகூர், கவி தாகூரோட அண்ணன். வயசு வரம்பு முதல்ல 23. அப்புறம் 21. 1870-கள் முடியும்போது அதை 19-க்குக் குறைச்சுட்டாங்க. எனக்கு இப்போ 20. அப்ப நான் பரீட்சை ஃபார்ம் வாங்கப் போயிருந்தா, 'தாத்தா, வீட்டுக்குப் போங்க'ன்னு அனுப்பியிருப்பான்! இந்தியாவுலயே எழுதலாம்னு ஆனது 1922-ல.

அதனால லண்டன் போக முடியாத நம்மாளுக்கு ஒரு கூரை இருந்துச்சு. குமாஸ்தா, தாசில்தார், சிரஸ்ததார், ரொம்ப ரொம்ப மேல போனா டெபுடி கலெக்டர். அத்தோட முட்டும். எவ்வளவு புத்தி இருந்தாலும், லண்டன்ல இருந்து இறங்கின 22 வயசுப் பையனுக்கு 'யெஸ் சார்'. இந்தக் கூரையில ஒரே ஒரு ஓட்டை இருந்துச்சு. சமஸ்தானங்கள். அங்க ராஜா இருப்பார், அவருக்குக் கீழ திவான். நிஜமா நாட்டை நடத்துறது திவான். மாதவ ராவ், சாஸ்திரி, மைசூர் ரங்காச்சார்லு எல்லாரும் அந்த ஓட்டை வழியா மேல ஏறினவங்கதான்.

சாஸ்திரி 1848-ல ரெவின்யூ போர்டு ஆபீஸ்ல குமாஸ்தாவா சேர்ந்தார். அப்புறம் மசூலிப்பட்டினம். தெலுங்கு தேசத்துல தாசில்தார், தலைமை சிரஸ்ததார். அப்புறம் தஞ்சாவூர்ல டெபுடி கலெக்டர். கூரையில தலை முட்டியாச்சு. 1872-ல திருவிதாங்கூர் திவான் நாற்காலி காலியாச்சு. காலி பண்ணினவர் மாதவ ராவ், உட்கார்ந்தவர் சாஸ்திரி. அஞ்சு வருஷம். 1875-ல அந்த சமஸ்தானத்துல முதல் தடவையா ஒழுங்கா ஒரு ஜனத்தொகைக் கணக்கு எடுத்தாங்க. இதைக் கவனிங்க, இந்த மனுஷனுக்கு எண்ணிப் பார்க்கிறதுல ஒரு வெறி. 1877-ல அங்க இருந்து விலகி, 1878-ல எங்க ஊருக்கு வந்தார்.

வந்தப்போ ஊர் எப்படி இருந்திருக்கும்? தாது வருஷப் பஞ்சம் மெட்ராஸ் ராஜதானியையே உலுக்கிட்டு அப்பத்தான் ஓஞ்சிருந்துச்சு. சுத்தியிருந்த வானம் பார்த்த பூமி, கண்மாயை நம்பின பூமி. ராஜா ராமச்சந்திர தொண்டைமான். தாராளமான கை. கஜானா மட்டும் தாராளமா இல்லை. நிர்வாகம் பார்க்கிற பதவிக்கு அப்போ பேரு 'சர்கேல்'. கேட்க என்ன ஸ்டைலா இருக்கு பாருங்க! சாஸ்திரி வந்த பிறகுதான் அது 'திவான்' ஆச்சு. எனக்கு என்னமோ சர்கேல்தான் பிடிச்சிருக்கு. அதனால தலைப்புல வெச்சுட்டேன்.

இப்போ ஒரு நிமிஷம் உங்க ஹாஸ்டல் மெஸ்ஸை நினைச்சுக்கோங்க. டிவைடிங் சிஸ்டம் தெரியும்ல? மாசம் ஆன மொத்தச் செலவை எல்லார் தலையிலும் வகுத்துப் போடுறது. அதுல மெஸ் செக்ரட்டரியைச் சந்தேகப்பட்டு மெஸ் கமிட்டி, மெஸ் கமிட்டியைச் சந்தேகப்பட்டு ஃப்ளோர் ரெப், ஃப்ளோர் ரெப்பைச் சந்தேகப்பட்டு நாம எல்லாரும். கடைசியில கோழி மட்டும் குழம்புல இருக்காது. புதுக்கோட்டை சமஸ்தானத்துல நில வரி அப்படித்தான் நடந்துச்சு. அதுக்குப் பேரு அமானி.

அமானின்னா, வரியா காசு கிடையாது. விளைஞ்ச நெல்லுல அரசாங்கத்துக்குப் பங்கு. கேட்க நியாயமா இருக்குல்ல? விளைஞ்சா குடு, விளையலைன்னா விடு. ஆனா நடந்தது வேற. கதிர் தலை காட்டின உடனே வயலுக்குக் கங்காணிங்க வந்து இறங்குவாங்க. விவசாயி திருடக் கூடாதுன்னு காவல். இவங்க யாரு? பெரும்பாலும் பழைய படை ஆளுங்க. சண்டை இல்லாத காலம், அதனால வாள் பிடிச்ச கைக்குக் களத்து வேலை. சம்பளம்? கிடையாது. காவல் காக்கிற நெல்லுலயே ஒரு கூலி. சம்பளமே இல்லாத காவல்காரன் எப்படிக் காப்பான்னு நான் சொல்லணுமா?

நெல் முத்திடும். மதிப்பு போட அதிகாரி வரணும். வர மாட்டார். கதிர் காத்திட்டு நிக்கும், உதிரும். அதிகாரி வர்ற வரைக்கும் அறுக்கவும் கூடாது. விவசாயி என்ன செய்வான்? ராத்திரியோட ராத்திரியா தன் வயல்ல தானே திருடுவான். அப்புறம் அறுப்பு நடக்கும்போது மேற்பார்க்க ஒரு கூட்டம். அளக்கும்போது இன்னொரு கூட்டம். அம்பாரத்துக்கு முத்திரை. களஞ்சியத்துக்குக் கொண்டு போனா அங்க ஒரு அளவு, அங்க ஒரு கை. களஞ்சியத்துல கிடந்து மக்கிப் போன நெல்லைக் கடைசியில வந்த விலைக்குத் தள்ளுறது. வழி நெடுக ஒவ்வொரு கையிலயும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கும்.

இதையெல்லாம் சாஸ்திரி அரசாங்க அறிக்கையிலயே வெலாவாரியா எழுதி வெச்சிருக்கார். அவர் காலத்து அதிகாரிங்க எழுதினதுல பாதி தூக்க மாத்திரை. இது அப்படியில்லை. கங்காணி படை எடுத்து வர்றதுல ஆரம்பிச்சு களஞ்சியம் வரைக்கும், ஒருத்தர் மேல ஒருத்தர் காவலும் ஒருத்தருக்கு மேல ஒருத்தர் களவுமா, மனுஷர் நக்கல் அடிச்சே எழுதியிருக்கார். முப்பது வருஷம் தாலுகா ஆபீஸ்ல புழுதி தின்னவருக்கு மட்டும்தான் அப்படி எழுத வரும். லண்டன்ல இருந்து நேரா வந்து இறங்கினவருக்கு 'வசூல் குறைவு'ன்னு ஒரு வரிதான் தெரிஞ்சிருக்கும்.

இதுல சீனா மறுபடி ஞாபகம் வருது. அங்க ஒரு மாவட்ட நீதிபதிக்கு, அதாவது நம்ம தாசில்தாரும் ஜட்ஜும் போலீஸும் ஒண்ணா சேர்ந்த ஆளுக்கு, வருஷச் சம்பளம் 45 அவுன்ஸ் வெள்ளிக்குப் பக்கம். அவருக்குக் கீழ இருந்த எழுத்தருக்கும் சேவகனுக்கும் ஒழுங்கான சம்பளமே இல்லை. வர்றவன் போறவன்கிட்ட வாங்குறதுதான் வருமானம். 1720-கள்ல யோங்செங்னு ஒரு சக்ரவர்த்தி, 'பட்டினி போட்டுட்டு நேர்மையா இருன்னா எப்படி இருப்பான்?'னு யோசிச்சு, அதிகாரிகளுக்குத் தனியா ஒரு பெரிய படி ஏற்படுத்தினார். 'நேர்மையை ஊட்டி வளர்க்கும் வெள்ளி'ன்னு அதுக்குப் பேரு! சம்பளத்தை விட அந்தப் படி பத்து மடங்கு, சில இடத்துல நாற்பது மடங்குக்கும் மேல. ஆனா கீழ இருந்த சேவகன் கதை மாறலை. எங்க ஊர் கங்காணியை அந்த சேவகன் பக்கத்துல நிக்க வெச்சா அண்ணன் தம்பின்னு சொல்லிடலாம்.

சாஸ்திரி படி எல்லாம் குடுக்கலை. அமானியையே தூக்கிட்டார். முந்தின சில வருஷங்களோட சராசரி விளைச்சல், சராசரி விலை, ரெண்டையும் பெருக்கி இவ்வளவு ரூபாய்னு வரி. கங்காணி வேண்டாம், முத்திரை வேண்டாம். உன் வயல், நீ எப்ப வேணா அறுத்துக்கோ. ஃபிக்ஸட் மெஸ் பில்!

நான் இதைப் படிச்சதும் விசில் அடிச்சேன். எங்க அப்பாயி அடிக்கலை. 'மழை பேஞ்சா சரி. பேயாத வருசம்?'னு ஒரே கேள்வி. சரிதான். பங்கு கொடுத்தப்ப நஷ்டத்துலயும் ராஜாவுக்குப் பங்கு இருந்துச்சு. ரூபாய்னு ஆன பிறகு, கண்மாய் காஞ்சாலும் வரி காயாது. வட்டிக்காரன்கிட்ட போகணும். பொறியியல் படிக்கிற எனக்கு சராசரின்னா ஒரு ஃபார்முலா. விவசாயிக்கு சராசரி வருஷம்னு ஒண்ணு வந்ததே கிடையாதாம். நான் கப்சிப்.

1886-ல ராஜா இறந்துட்டார். அடுத்த ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அப்போ சின்னப் பையன். அதனால அடுத்த எட்டு வருஷம் சாஸ்திரிதான் ரீஜெண்ட். கிட்டத்தட்ட ராஜா. குமாஸ்தாவா ஆரம்பிச்ச மனுஷன்! (அந்தக் குட்டி ராஜா பெரியவராகி 1915-ல ஆஸ்திரேலியாப் பெண் மோலி ஃபிங்கைக் கல்யாணம் பண்ணிக்கிட்டது தனி சினிமா. இன்னொரு வாரம் பார்ப்போம்.) இந்தக் காலத்துலதான் ஊர் முகமே மாறுச்சு. பல்லவன் குளம், புதுக்குளம் எல்லாம் சீரமைச்சாங்க. குழாய் இல்லாத காலம், குளத்துத் தண்ணிதான் குடிதண்ணி. அரசாங்க ஆபீஸ்களுக்குன்னு ஒரு பெரிய கட்டடம் எழும்புச்சு. ராஜா காலேஜும் இவர் காலத்துலதான் காலேஜ் ஆச்சு. எங்க ஊர்த் தெருக்கள் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கும், முதல் வீதி ரெண்டாம் வீதின்னு. அதையும் சிலர் இவர் கணக்குல எழுதிடுறாங்க. அது அநியாயம். அந்தக் கோடு அவருக்கு ரொம்ப முன்னாடியே போட்டது.

சரி, இப்ப எங்க வீட்டுப் பிரச்னை.

எனக்கு நாலாவது செமஸ்டர் ஃபீஸுக்கே வீட்டுல மூச்சு முட்டிடுச்சு. இன்னும் நாலு செமஸ்டர் இருக்கு. சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். ஊர்ல இருக்கிற ஒன்றரை ஏக்கரைக் குடுத்துடலாம்னு. கடலை போடுற நிலம், வருஷத்துல பாதி நாள் வெயில்தான் விளையும். வாங்க ஒருத்தர் வந்தார். அவரோட வக்கீல் பத்திரம் எல்லாம் வாங்கிப் பார்த்துட்டு, பழைய பாகப் பிரிவினைப் பத்திரத்துல ஒரு வார்த்தையில விரலை வெச்சார். 'ஊழிய இனாம்'.

'இனாம்னா சும்மா குடுத்ததா? யாரு குடுத்தா? எதுக்குக் குடுத்தா? கோயில் நிலமா?' வரிசையா கேள்வி. சித்தப்பா முழிச்சார். நானும் முழிச்சேன். ஒரு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டோம். அங்க இருந்தவர் 'அடுத்த வாரம் வாங்க' என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார், அட்சரம் பிசகாம. மூணாவது வாரம் நான் மட்டும் தனியாகப் போய் பெஞ்சுல உட்கார்ந்திருந்தப்பதான், இனாம்னா என்னன்னு நானே தேடிப் பார்த்துடுறதுன்னு முடிவு பண்ணேன்.

கிடைச்ச கதை இதுதான். பழைய தொண்டைமான் ராஜ்ஜியத்துல ராஜா யாருக்கும் பெருசா சம்பளம் குடுத்தது கிடையாது. நிலம் குடுத்தார். படையில வர்றியா, இந்தா நிலம். கோட்டைக்குக் காவலா, இந்தா நிலம். கோயில்ல விளக்கு ஏத்துறியா, மேளம் வாசிக்கிறியா, அரண்மனைக்கு ஏவின வேலை செய்யுறியா, இந்தா நிலம். வரி இல்லை, இல்லாட்டி பேருக்குக் கொஞ்சம். ராஜ்ஜியத்துல பெரும் பங்கு நிலம் இப்படி இனாமாத்தான் கிடந்துச்சு. வெள்ளைக்காரன் கண்ணுக்கும் சாஸ்திரி கண்ணுக்கும் அது ஓட்டைப் பானை. சண்டையே இல்லாத நாட்டுல சிப்பாய்க்கு எதுக்கு நிலம்? ஊருக்குள்ள அதையே வேற மாதிரி பார்த்திருப்பாங்க. அந்த நிலம் வெறும் கூலி இல்லை. 'நான் ராஜாவோட ஆள்'னு சொல்லிக்கிற மரியாதை. தசராவுக்கு அரண்மனை வாசல்ல எந்த இடத்துல நிக்கணும்கிறது வரைக்கும் அதுலதான் இருந்துச்சு.

1888-ல சாஸ்திரி இனாம் செட்டில்மென்ட் கொண்டு வந்தார். ஒவ்வொரு இனாமையும் விசாரிச்சு, யார் அனுபவிக்கிறா, எதுக்காக, எவ்வளவுன்னு எழுதி, தேவையில்லாத ஊழியங்களுக்குச் சுருக்கமா ஒரு டீல்: இனிமே நீ வந்து வேலை செய்ய வேண்டாம். நிலத்தை நீயே வெச்சுக்கோ, உன் சொந்தம். வருஷா வருஷம் ஒரு வரி மட்டும் கட்டு. அவ்வளவுதான். கையெழுத்து, முத்திரை, அடுத்த ஆள்.

நிக்கோலஸ் டர்க்ஸ்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் எங்க ஊரை வெச்சே ஒரு பெரிய புத்தகம் எழுதியிருக்கார், 1987-ல. அதோட பேரு 'உள்ளீடற்ற கிரீடம்' மாதிரி ஒண்ணு. அவர் என்ன சொல்றார்னா, இந்த மாதிரி செட்டில்மென்ட்டாலதான் ராஜாங்கம்கிற உறவே உள்ளுக்குள்ள காலியாச்சு, கிரீடம் மட்டும் மேல மிஞ்சுச்சு. சாஸ்திரியோட வாழ்க்கையை எழுதினவர் காமேஸ்வர அய்யர், எங்க ராஜா காலேஜ் புரொஃபஸர். 1902-ல வந்த அந்தப் புத்தகத்துல அவர் ஹீரோ. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா ஒரே ஆளைப் பத்தின புத்தகமான்னு சந்தேகம் வரும்.

எனக்கு எது சரின்னு கேட்டா? நான் சொந்தக் கட்சி, பாஸ். அந்த 1888 இல்லைன்னா அந்த ஒன்றரை ஏக்கர் எங்க பேர்லயே இருந்திருக்காது. இன்னிக்கும் யாருக்கோ ஏவல் செஞ்சாத்தான் நிலம்னு இருந்திருப்போம். அதே சமயம், அந்த டீல் வந்த அன்னிக்குத்தான் அது விக்கக்கூடிய பொருளாவும் ஆச்சு. என் ஃபீஸுக்காக.

அப்பாயிகிட்ட கேட்டேன். 'நம்ம என்ன ஊழியம் அப்பாயி செஞ்சோம்?'

'காவலு. உங்க பாட்டனுக்குப் பாட்டன் அரமணைக்கிக் காவல் காத்தவுக. ராத்திரி ராத்திரி கம்பு ஊணிக்கிட்டு நிப்பாகளாம்.'

'அப்புறம் ஏன் நிறுத்திட்டாங்க?'

'இனிமே வர வேணாம்னுட்டாகளாம் அய்யா. அதுக்கப்புறமும் அவுக பத்து வருசம் போயி நின்னாகளாம்.'

சத்தியமா சொல்றேன், எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. நிலம் எழுதிக் குடுத்தாச்சு, வேலை இல்லை, வரி கட்டியாச்சு. ஆனா அந்த மனுஷன் கம்பை எடுத்துக்கிட்டு ராத்திரி போய் நின்னிருக்கார். செட்டில்மென்ட் ரிஜிஸ்டர்ல அதுக்கு ஒரு காலம் இருந்திருக்காது.

அப்பாயி தகரப் பெட்டியைத் திறந்து ஒரு துணி முடிச்சை எடுத்துக் குடுத்தாங்க. உள்ள சுண்டு விரல் நகத்தளவு ஒரு செப்புக் காசு. அம்மன் காசு! எங்க சமஸ்தானத்தோட சொந்தக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்குல 'விஜய'. இருபது காசு சேர்ந்தா ஒரு அணா. நவராத்திரிக்கு அரிசியோட சேர்த்து ஜனங்களுக்கு இந்தக் காசும் குடுப்பாங்களாம். எங்க வீட்டுக் காசு எந்த வருஷத்துதுன்னு தெரியலை, தேதியே போட மாட்டாங்க.

சாஸ்திரி 1894-ல ராஜா கையில பொறுப்பைக் குடுத்துட்டு ரிடையர் ஆனார். 66 வயசு. கும்பகோணத்துல போய் உட்கார்ந்தார். சர் பட்டம் எல்லாம் வந்துச்சு. 1903-ல காலமானார். 46 வருஷ சர்வீஸ். கடைசி பதினாறு வருஷம் எங்க ஊர்.

இதை எல்லாம் நண்பன்கிட்ட சொன்னேன், அதே அரண்மனை கேட் டீக்கடையில. அவன் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் கேட்டான், 'மாப்ள, அந்தக் கங்காணிக்கு மட்டும் மாசாமாசம் சம்பளம் குடுத்திருந்தா அமானியே ஓடியிருக்குமோ?' ஏழு அரியர் வெச்சவன் கேட்கிற கேள்வியா இது! நான் 'தெரியலடா' என்றேன். ஒரு பக்கம் சீனா சக்ரவர்த்தியோட வெள்ளி, இன்னொரு பக்கம் நான் மூணு வாரம் உட்கார்ந்திருந்த பெஞ்சு. அந்த பெஞ்சுக்கு எதிர்ல இருந்தவருக்கு மாசாமாசம் சம்பளம் வருதே.

நிலம்? வக்கீல் இன்னும் ஒரு பேப்பர் கேட்டிருக்கார். நாலாவது வாரமா திங்கக்கிழமை போறேன். இந்தத் தடவை நண்பனும் கூட வர்றானாம், கைடைக் கையில எடுத்துக்கிட்டு. வெயிட் பண்ற நேரத்துல படிச்சுக்கலாம்ல என்கிறான். அப்பாயிகிட்ட சொன்னேன். 'போறதுதான் போற, அந்த எடத்துல நம்ம பாட்டன் பேரு என்னன்னு எழுதியிருக்காகளான்னும் பாத்துட்டு வா. எனக்கு மறந்து போச்சு' என்றார்.